பதினொரு மணித் தீர்த்தவாரி

சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கணக்கு வராது. எனக்கு விடியற்காலை வராது. இதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை. இந்த ஒரு குறையால் எழுபது பேர் கடலுக்குள் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் உடம்பைச் சொறிந்த கதை எங்கள் ஊரான உலு திராமில் எல்லாருக்கும் தெரியும். (புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுகிறார்கள்.)

அப்போது நான் கடல் அறிவியல் படிப்பில் கடைசி வருடம். பட்டம் கைக்கு வர ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஜொகூரின் கிழக்குக் கரையில் நீரோட்டம் மாறும்போது விலங்கு மிதவை உயிரிகள் எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்பது என் தலைப்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற சின்னஞ்சிறு பிராணிகள்தான். இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, ஜெல்லி மீன் குஞ்சு எல்லாம் இதில் அடக்கம். கொஞ்சம் மேலே வரும், கொஞ்சம் கீழே போகும். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தெம்பு கிடையாது. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குக் காற்று அடித்தால் கரையோரத் தண்ணீர் தெற்கே ஓடும், இவையும் தெற்கே போகும். ஆண்டின் நடுவில் காற்று திரும்பினால் தண்ணீர் வடக்கே ஓடும், இவையும் கூடவே கிளம்பிவிடும். சொந்தமாக ஒரு முடிவும் எடுக்காது. அந்த வயதில் எனக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் டாக்டர் ரோஸ்னா. அதட்டாமலே பயமுறுத்தத் தெரிந்தவர். மாதம் ஒரு நாள் படகில் போக வேண்டும், அன்றைக்கு இரண்டு முறை வலை இழுக்க வேண்டும் என்றார். முதல் முறை சூரியன் வருவதற்கு முன், இரண்டாம் முறை காலை பதினொரு மணிக்கு. வலை என்றால் மீன் வலை இல்லை. நீளமான கூம்பு மாதிரி மெல்லிய துணி, அதன் நுனியில் ஒரு பாட்டில். படகின் பின்னால் கட்டி ஐந்து நிமிடம் இழுத்தால், தண்ணீர் வடிந்துபோய் பிராணிகள் பாட்டிலில் சேரும். அதை மருந்து ஊற்றிப் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும்.

முதல் மாதம் மாசி. விடுதியிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பி, அம்மாவின் பழைய காடியை, அதாவது காரை, ஓட்டிக்கொண்டு கோத்தா திங்கி தாண்டி கம்பம் என்று நாங்கள் சொல்லும் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். படகுக்காரர் பாக் மான் தயாராக நின்றார். படகு கிளம்பிப் பத்து நிமிடத்தில், முதல் நாள் சாப்பிட்ட நாசி லெமாக் முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். வலையை இறக்கக்கூட முடியவில்லை. பாக் மான் படகைத் திருப்பினார். அவர் வீட்டு வாசல் பலகையில் நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, பதினொரு மணிக்கு மறுபடி போய் வலை இழுத்தேன். கடல் தட்டில் ஊற்றி வைத்த தண்ணீராக அசையாமல் கிடந்தது.

அன்றைக்குத்தான் அந்த அருமையான யோசனை வந்தது. பதினொரு மணிக்குக் கிடைத்ததைப் பாதிப் பாதியாக இரண்டு பாட்டிலில் ஊற்றினேன். ஒன்றில் 'காலை 11' என்று ஒட்டினேன். இன்னொன்றில் 'விடியற்காலை' என்று ஒட்டினேன்.

ஒரே ஒரு மாதம்தானே என்று நினைத்துத்தான் செய்தேன். அடுத்த மாதமும் ஒரே ஒரு மாதமாகத்தான் இருந்தது. இப்படியே ஒரு வருடம் ஓடியது. (கடல் கொந்தளித்த இரண்டு மாதம் படகே போகவில்லை. அந்த இரண்டு மாதம்தான் நான் யோக்கியமாக இருந்தேன்.) பாக் மானுக்கு நான் என்ன ஒட்டுகிறேன் என்று தெரியாது. ஆனால் தினம் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர் கண்ணில், எல்லாரும் கரைக்குத் திரும்பிய பிறகு சாவகாசமாக வந்து இறங்கும் பெண் விசித்திரமாகத் தெரியாமல் இருக்குமா? எனக்கு 'மிஸ் செபெலாஸ்' என்று பெயர் வைத்தார். மலாயில் செபெலாஸ் என்றால் பதினொன்று.

இரண்டு பாட்டிலும் ஒரே தண்ணீர் என்பதால் எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்தது. அதைப் பார்த்து எனக்கே ஒரு கோட்பாடு பிறந்தது. இந்தக் கடலில் எல்லாவற்றையும் நீரோட்டம்தான் தீர்மானிக்கிறது, பொழுது எதுவானாலும் வித்தியாசம் இல்லை என்று ஆய்வேட்டின் முடிவுரையில் எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் உண்மையாகவே நம்பினேன். அதுதான் இதில் கேவலமான பகுதி.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டினார். முப்பது வருடமாக நாலு மணிக்கு எழுந்திருக்கிற மனிதர். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் செயலாளர். அந்தப் பதவியில் அவருக்கு இருந்த ஆசைகளில் பெரியது, மாசி மகத்துக்கு அம்மனைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தவாரி நடத்த வேண்டும் என்பது. அதுவரை நாங்கள் ஆற்றிலேயே முடித்துக்கொண்டிருந்தோம். கோயில் துணைத் தலைவர் சிங்காரம் அங்கிளுக்கு ஆறே போதும். கடல் என்றால் ஜெல்லி மீன் என்று மூன்று வருடமாக முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தை மாதக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "என் மக இதத்தான் படிக்கிறா. அவளே வந்து சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டார்.

நானும் போனேன். மடிக்கணினியும் கையுமாக, கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, சிவப்பு அம்பு நீல அம்பு எல்லாம் போட்டுக் காட்டினேன். மாசியில் காற்று தளர்ந்துவிடும் என்றேன். அதற்குள் ஜெல்லி மீன் குஞ்சுகள் எல்லாம் நீரோட்டத்தோடு தெற்கே போய் சிங்கப்பூரைத் தாண்டியிருக்கும் என்றேன். (ஜொகூரில் யாராக இருந்தாலும் கடைசியில் சிங்கப்பூருக்குப் போய்விடுவது வழக்கம் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.)

சிங்காரம் அங்கிள் மட்டும் விடவில்லை. "சரிம்மா, நாம இறங்கப் போறது விடியக்காலையிலல்லா. அந்த நேரத்துல பார்த்தியா?"

அப்பா என்னைப் பார்த்தார். ஊரே பார்த்தது. 'பார்க்கவில்லை' என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் சொல்லவில்லை.

"மாசா மாசம் பார்த்திருக்கேன் அங்கிள். விடியக்காலையிலயும் கோசோங்."

கோசோங் என்றால் சைபர், காலி, ஒன்றுமில்லை. தேநீரில் சீனி வேண்டாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல். அப்பா திரும்பி சபையைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல? நான் பொறுப்பு," என்றார்.

மாசி மகம் அன்று இரண்டு பேருந்து, அலங்கரித்த ஒரு லாரி, உருமி மேளம் எல்லாமாகக் கிளம்பினோம். ஆறரை மணிக்குக் கடற்கரையில் நின்றோம். கீழ்வானம் அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பாக் மான், கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து ஆச்சரியமாகச் சிரித்தார். பிறகு அப்பாவிடம் போய் ஏதோ பேசினார். அதற்குள் மேளம் அடிக்க ஆரம்பித்ததால் அவர்கள் பேசியது காதில் விழவில்லை. அப்பா முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை.

குருக்களும் அப்பாவும் அம்மனைக் கையில் ஏந்தி இடுப்பளவு தண்ணீருக்குப் போனார்கள். பின்னால் எழுபது பேர் சேலையும் வேட்டியுமாக இறங்கினார்கள். நானும் முழங்கால் வரைக்கும் போய், ஆராய்ச்சியாளருக்குரிய முகத்தோடு நின்றேன். முதல் முழுக்கு ஆனது. இரண்டாவது முழுக்கும் ஆனது. அம்மா கண்ணில் தண்ணீரோடு கும்பிட்டாள்.

மூன்றாவது முழுக்கின்போது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஓங்கி ஒரு சத்தம் போட்டாள். தோளை உதறினாள், தலையை ஆட்டினாள், தண்ணீரில் குதித்தாள். அவ்வளவுதான், உருமிக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரோ ஓடிப்போய் விபூதித் தட்டை எடுத்து வந்தார்கள். கோயில் பெரியவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"வந்திருக்கறது யாரு தாயி?"

"யாரும் வரல. அரிக்குது," என்றாள் சின்னம்மா.

"ஆத்தா என்னமோ சொல்றா, மேளத்த நிறுத்துங்க."

"ஆத்தா சொல்லல, நான் சொல்றேன். ஐயோ, அலமாக், ரவிக்கைக்குள்ள என்னமோ கடிக்குது."

இதற்குள் இடது பக்கம் மூன்று பேருக்கு 'அருள்' வந்துவிட்டது. வலது பக்கம் சிங்காரம் அங்கிளுக்கு வந்தது. அறுபத்தைந்து வயதில் அவர் அப்படி ஆடி யாரும் பார்த்ததில்லை. உருமிக்காரர்களில் ஒருவர் அடிக்கிற குச்சியாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தாளத்தைப் பிடித்தார். கரையில் நின்றவர்கள், இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் அருளா என்று மெய்சிலிர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அருள் வந்தவருக்கு நாங்கள் என்ன செய்வோம்? தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். குடம் குடமாக எடுத்து வந்து ஊற்றினார்கள். ஜெல்லி மீன் குஞ்சு துணிக்குள் மாட்டிக்கொண்டால்தான் கொட்டும். அதன்மேல் நல்ல தண்ணீர் பட்டால் மிச்சம் இருக்கிற கொடுக்கையும் சேர்த்துக் கொட்டும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையில் நான் எழுதியும் இருக்கிறேன். "ஊத்தாதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க," என்று கத்திக்கொண்டே ஓடினேன். என்னைப் பிடித்து எனக்கும் ஒரு குடம் ஊற்றினார்கள்.

எல்லாரும் கரைக்கு ஓடிவிட்டார்கள். தண்ணீரில் மிஞ்சியது குருக்களும் அப்பாவும் மட்டும்தான். இரண்டு கையிலும் அம்மன் இருப்பதால் சொறிய வழியில்லை. அப்பாவின் கழுத்திலும் மார்பிலும் சிவப்புத் தடிப்பு ஏறுவது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. அவர் வேகமாக நடக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அம்மன் சாயாமல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார்.

பாக் மானின் மனைவி வீட்டிலிருந்த வினிகரை எல்லாம் எடுத்து வந்தார். பெண்கள் அவர் வீட்டுக்குள்ளும், ஆண்கள் படகுகளுக்குப் பின்னாலும் பூசிக்கொண்டார்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேருந்திலும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாசம். வழி முழுக்கச் சொறியும் சத்தம் கேட்டது.

மறுநாள் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. அம்மனுக்குக் கடல் பிடிக்கவில்லை, குற்றம் நடந்துவிட்டது, செயலாளரின் பிடிவாதம்தான் காரணம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் வைத்தார்கள். அப்பா பதவி விலக வேண்டும் என்பதுதான் பொருள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை மாலை நான் வீட்டுக்குப் போனபோது, உடம்பெல்லாம் வெளிர்சிவப்பு மருந்து பூசிக்கொண்டு, சமையலறை மேசையில் அப்பா கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

என் ஆய்வேட்டை அடுத்த புதன்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் எனக்கு, கெட்ட பெயர் அப்பாவுக்கு. வாயைத் திறந்தால் என் பட்டம் போகும். படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததில், வாழ்க்கையில் முதல் தடவையாக அலாரம் இல்லாமலே விடியற்காலை நாலு மணிக்கு விழித்திருந்தேன். அப்பா குளிக்கப் போகும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அவர் அந்த நேரத்துக்கே எழுந்திருப்பார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் அப்பா கடிதத்தை எடுத்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"அப்பா மேல தப்பில்ல. அம்மன் மேலயும் தப்பில்ல. நான் விடியக்காலையில ஒரு நாள்கூட வலை போடல. எந்திரிக்க முடியல. பதினொரு மணிக்குப் போட்டதையே ரெண்டு பாட்டில்ல ஊத்தி, விடியக்காலைன்னு எழுதினேன். அன்னைக்கு இங்க நின்னு சொன்னது பொய்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னேன். அந்தக் குஞ்சுகள் பகலில் அடியில் போய்விடும், இருட்டில் மேலே வரும். மாசியில் காற்று தளரும்போது நீரோட்டமும் தளரும், அதனால் அவை சிங்கப்பூர் போய்ச் சேராமல் நம் கரையோரத்திலேயே தங்கிவிடும். விடியற்காலையில் ஒரே ஒரு தடவை வலை போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சிங்காரம் அங்கிள் எழுந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தார்.

"பதினொரு மணிக்கு எடுத்தது நிஜமா?"

"நிஜம் அங்கிள்."

"வருஷம் பூரா?"

"படகு போன எல்லா மாசமும்."

"மாசியில பதினொரு மணிக்கு ஜெல்லி மீன் இருந்துச்சா?"

"கோசோங்," என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கவே கூடாது என்று உறைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னம்மாதான்.

சிங்காரம் அங்கிள் குருக்களிடம் திரும்பினார். "சாமி, மக நட்சத்திரம் பதினொரு மணிக்கும் இருக்குந்தானே?" இருக்கும் என்றார் குருக்கள். "அப்ப அடுத்த வருஷம் பதினொரு மணிக்குப் போலாம். அந்தக் கடுதாசியப் பாக்கெட்டுல வைங்க செயலாளரே." அதோடு கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். காடியை ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"எனக்குத் தெரியும்."

"எப்படிப்பா?"

"கடற்கரையிலயே பாக் மான் கேட்டாரு. மிஸ் செபெலாஸ் அப்பாதானே, இன்னைக்கு மட்டும் எப்படி இவ்ளோ சீக்கிரம் எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்கன்னு. யோசிக்கறதுக்குள்ள சாமி கையில வந்துடுச்சு, என்ன செய்யறது? இறங்கிட்டேன்."

"அப்ப ஏன் கூட்டத்துல சொல்லல? கடிதம் வேற எழுதினீங்க."

"நீ சொல்றியான்னு பார்த்தேன்," என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் ரோஸ்னாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆய்வேட்டை இன்னும் சமர்ப்பிக்காததால்தான் தப்பித்தாய் என்றார். இன்னொரு வருடம், மாதம் தவறாமல், இரண்டு நேரமும் வலை இழுத்து வந்த பிறகுதான் உன் முகத்தைப் பார்ப்பேன் என்றார். என்னோடு படித்தவர்கள் பட்டமளிப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்ட அன்று நான் படகில் இருந்தேன்.

அந்த வருடம் முழுக்க அப்பாதான் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். பாக் மானும் அவரும் நெருங்கிய சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். நான் படகின் ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பேன், அவர்கள் இருவரும் வலையைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் விலை பேசுவார்கள். மறு மாசியில், பாட்டிலில் சேர்ந்த கண்ணாடித் துளி மாதிரியான குஞ்சுகளை அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவங்கதானா அன்னைக்கு வந்தது," என்று மரியாதையாகக் கேட்டார். ஆய்வேட்டின் முடிவுரையை மாற்றி எழுதினேன். எந்தப் பருவத்தில் எது வரும் என்பதை நீரோட்டம் தீர்மானிக்கிறது, வந்ததை நாம் பார்ப்போமா என்பதை நாம் எழுந்திருக்கிற நேரம் தீர்மானிக்கிறது. (இரண்டாவது பாதியை டாக்டர் ரோஸ்னா அடித்துவிட்டார்.)

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் நான் எதை உறுதியாகச் சொன்னாலும், "பார்த்தியா, இல்ல கோசோங்கா?" என்று கேட்காமல் நம்புவதில்லை. சோற்றுக்கு உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூடக் கேட்பார்கள். தீர்த்தவாரியும் கடலில்தான் நடக்கிறது, ஒவ்வொரு வருடமும் பதினொரு மணிக்கு, மண்டை காயும் வெயிலில். அன்று விடியற்காலை ஆறு மணிக்கு நான் பாக் மானோடு போய் ஒரு தடவையும், பத்தரைக்கு ஒரு தடவையும் வலை இழுத்து, இறங்கலாம் என்று சொன்ன பிறகுதான் அம்மன் லாரியை விட்டு இறங்குவாள்.

போன மாசி மகத்துக்கு பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்தக் குடும்பத்து அம்மா வெயில் தாங்காமல், எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் குருக்களிடம் கேட்டார். "எல்லா ஊர்லயும் விடியக்காலையில செய்றாங்க. இங்க மட்டும் ஏன் சாமி பதினொரு மணிக்கு?"

குருக்கள் சற்றும் தயங்கவில்லை. "இந்தக் கோயில் ஐதீகம் அப்படிம்மா. அம்பாள் துயில் எழற நேரம் அது."

அந்த அம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற அப்பா என் பக்கமாகச் சாய்ந்தார்.

"எங்க வீட்டு அம்பாள்னு சொல்லிடவா?" என்றார்.